அஞ்சடி யாருடையது?

ஈப்போ பழைய நகரத்தின் கடைவீடுகள் இன்னும் எப்படி நிற்கின்றன என்று கேட்டால் எல்லாரும் ஈயத்தின் கதையைத்தான் சொல்வார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்தது, தவுக்கேகள் காசைக் கொட்டிக் கட்டினார்கள், அதனால் இந்த அழகு என்று. கட்டியதற்கு வேண்டுமானால் அது காரணமாக இருக்கலாம். காசு கொழிக்கும் ஊர் பழையதை இடித்துவிட்டுப் புதியதைத்தான் கட்டும்; கோலாலம்பூரைப் பார்த்தாலே தெரியும். ஈப்போவின் பழைய வீதிகள் தப்பித்ததற்கு, நான் படித்தும் பார்த்தும் புரிந்துகொண்டவரை, வேறு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் சுற்றுலாப் பலகையில் எழுதிவைக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

முதலாவது, ஈயம் செத்தது. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தை ஈய வியாபாரத்தை நிறுத்தியது. விலை விழுந்த வேகத்தில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலை தேடி இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பழைய நகரத்தை இடித்து மாடிக் கட்டடம் கட்ட யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. இடிக்கக்கூடக் காசு வேண்டுமே.

இரண்டாவது, வாடகைக் கட்டுப்பாடு. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு 1966ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு அது பொருந்தும். உரிமையாளர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது. இருப்பவரை நினைத்த நேரத்தில் கிளப்பவும் முடியாது. இதனால் உரிமையாளர் பழுது பார்க்கவில்லை என்பதும் உண்மைதான். கூரை ஒழுகினால் வாடகைக்காரர் தகரத்தைச் சொருகிக்கொண்டார். முதன்மை வாடகைக்காரர் 'டீ மணி' வாங்கிக்கொண்டு மாடியைப் பலகையால் தடுத்துப் பத்துப் பேருக்கு உள்வாடகைக்கு விட்டார். நியாயமான உலகம் என்று அதைச் சொல்லமாட்டேன். ஆனால் இன்று நாம் 'பாரம்பரியம்' என்று படமெடுத்துப் போடும் சுவர்களை அரை நூற்றாண்டு காலம் இடிபடாமல் வைத்திருந்தது வாடகைக்காரர்களுக்காகப் போட்ட ஒரு சட்டம்தான்.

அந்தச் சட்டம் 1997இல் ரத்து செய்யப்பட்டது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். 2000 ஜனவரி முதல் நாளில் நாடு முழுக்க, முக்கியமாகப் பினாங்கு ஜார்ஜ் டவுனில், வாடகை சந்தை விலைக்குப் போனது. சில இடங்களில் பல மடங்கு. தலைமுறைகளாக ஒரே கதவு எண்ணில் இருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7ஆம் தேதி, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறிய காரணங்களுள் ஒன்று, பல இனங்கள் சேர்ந்து வாழும் உயிருள்ள மரபு. அந்த உயிரில் ஒரு பகுதி ஏற்கெனவே லாரி ஏறிப் போயிருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈப்போவிலும் பேராக்கின் சின்னச் சின்ன ஊர்களிலும் 'பாரம்பரிய வட்டாரம்' என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. ஒரு கோடு போட வேண்டும், கோட்டுக்குள் இருப்பதைக் காக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் கோட்டுக்குள் எதை எண்ணுகிறோம் என்ற கேள்வியை நம் ஆட்கள் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நம் ஆட்கள் என்று தமிழர்களைத்தான் சொல்கிறேன்.

*

அஞ்சடி என்ற சொல் இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காக: கடைவீட்டின் மாடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் தூண்களுக்கும் கடை வாசலுக்கும் நடுவே ஓடும் நிழல் நடைபாதை. மலாயில் காக்கி லீமா. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்டபோது ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் இப்படியொரு தொடர்ச்சியான கூரையிட்ட நடை வேண்டும் என்று விதித்தார். 1880களில் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்து செங்கல்லும் ஓடுமாக எழுந்தபோது அதே வடிவம் தீபகற்பத்துக்குள் பரவியது. ஈப்போவில் அது நிலைத்ததற்கு 1892 தீ ஒரு காரணம். அத்தாப்புக் கூரைகளோடு ஊரின் பெரும்பகுதி எரிந்துபோன பிறகுதான் இன்று நாம் பார்க்கும் நேர்கோட்டு வீதிகள் வந்தன. பெயர் ஐந்தடி என்றாலும் ஏழெட்டு அடி அகலமுள்ளவையும் உண்டு.

அஞ்சடியின் விசித்திரம் அதன் உரிமையில் இருக்கிறது. நிலம் பெரும்பாலும் கடை உரிமையாளருடைய பட்டாவுக்குள்தான் வரும். ஆனால் நடக்கும் உரிமை ஊருக்கு. சொந்தக்காரர் சுவர் வைத்து அடைக்க முடியாது. ஒரே இடத்தில் இரண்டு உரிமைகள். மூன்றாவதாக ஒன்று சட்டத்தில் எழுதப்படாமல் இருந்தது: அங்கே உட்கார்ந்து பிழைப்பவரின் உரிமை. பூ கட்டுபவர், கிளி ஜோசியர், நாளிதழ் விற்பவர், நோட்டு மாற்றுபவர், சாவி ராவுபவர், தலையில் தட்டோடு வந்து இறக்கிவைக்கும் கச்சாங் பூத்தே வியாபாரி. ஈப்போவில் கச்சாங் பூத்தேக்குத் தனிக் கதையே உண்டு. எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் புந்தோங்கில் குடியேறி வறுக்க ஆரம்பித்து, அந்த இடத்துக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்று பெயர் வாங்கிக்கொடுத்தார்கள்.

நம்மில் நிலம் வாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. செட்டியார்கள் வாங்கினார்கள். ஆனால் அவர்களுடைய கிட்டங்கிக்குள்கூட ஒரு வட்டிக்கடை என்பது நீண்ட கூடத்தில் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்காரப் பாய், அவ்வளவுதான். ஒரே கூரையின் கீழ் பல பெட்டிகள். தமிழ் முஸ்லிம்கள் பாடாங் ஓரத்தில் 1908இல் பள்ளிவாசல் எழுப்பினார்கள். அது அழகாக நிற்கிறது. மற்றபடி இந்த ஊரில் தமிழன் பெரும்பாலும் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் நகராட்சியிலும் சம்பளத்துக்கு இருந்தான். வியாபாரம் செய்தால் வாடகைக்கு இருந்தான். அதற்கும் வழியில்லை என்றால் அஞ்சடியில் இருந்தான். ஹப்பேக் வரைந்த ரயில் நிலையத்தைப் பற்றி எழுதும்போது எல்லாரும் குவிமாடத்தைப் பற்றி எழுதுகிறார்கள். அதற்கு வந்து சேரும் தண்டவாளத்தைப் போட்டவர்களுக்கும் பராமரித்தவர்களுக்கும் குவிமாடம் கிடையாது.

*

நான் சிவில் பொறியாளன். சில ஆண்டுகளுக்கு முன் பேராக்கில் ஒரு வரிசைப் பழைய கடைவீடுகளின் நிலையை அளந்து குறித்துத் தரும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. யார் கொடுத்த வேலை, எந்த ஊர் என்பது வேண்டாம். கையில் ஒரு படிவம். கட்டிய ஆண்டு, முகப்பின் பாணி, மாடங்களின் எண்ணிக்கை, சன்னல் வகை, கூரை ஓடு, விரிசல்கள், உரிமையாளர் பெயர். மொத்தம் இரண்டு பக்கம். உள்ளே யார் இருக்கிறார், எத்தனை ஆண்டாக இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதற்குக் கட்டமே இல்லை. 'தற்போதைய பயன்பாடு' என்று ஒரு வரி இருந்தது. அதில் 'வணிகம்' என்று எழுதினால் போதும் என்றார்கள். நாற்பது வருஷமாக ஒருவர் தையல் இயந்திரம் வைத்திருந்த இடமும் 'வணிகம்', போன மாதம் திறந்த ஐஸ்கிரீம் கடையும் 'வணிகம்'.

படிவத்தைக் குறை சொன்னாலும், அந்த வேலைதான் வட்டாரம் என்ற எண்ணத்தின் பக்கம் என்னைச் சாய்த்தது. தனித்தனிக் கட்டடமாகப் பட்டியலிட்டுக் கடைவீடுகளைக் காக்க முடியாது. காரணம் அழகியல் இல்லை, பொதுச்சுவர். ஒரு கடைவீட்டின் மாடி உத்தரங்கள் முன்பின்னாக ஓடுவதில்லை. பக்கச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு ஓடுகின்றன. அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். இரு பக்க உத்தரங்களும் அதில்தான் குடைந்து உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு வீட்டை இடித்தால் அதுவரை மழையையே பார்த்திராத ஒரு சுவர் முதல் முறையாக மழைக்கு முகம் காட்டுகிறது. அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மென்மையான செங்கல். நனைந்து, காய்ந்து, நனைந்து, உப்புப் பூத்து உதிரும். உதிர்ந்த இடுக்கில் குருவி போட்ட எச்சத்திலிருந்து ஒரு அரசங்கன்று முளைக்கும். வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால், மரத்தைப் பிடுங்கினால் சுவர் வரும், விட்டால் சுவர் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குச் சற்று வெளியேதான். 'புதுப்பிக்கிறோம்' என்று அந்தச் செங்கல்மேல் சிமெண்டு பூசி, அதன்மேல் பளபளக்கும் பெயிண்ட் அடிப்பவர்கள் சுவரின் மூச்சை அடைக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்டு அதைத் தடுத்ததும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்கிறது. மூன்று நான்கு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்பளம் போடும். பணம் செலவழித்துச் செய்த காரியம் சும்மா விட்டதைவிடக் கெடுதலாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வீடு நின்று வீதி விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பாப்பானுக்குப் போகலாம். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. மண்டைலிங் மக்களும் ஈயம் தோண்ட வந்த ஹக்கா சீனர்களும் வளர்த்த ஊர். ராஜா பிலாவின் 1896ஆம் ஆண்டு மாளிகை அங்கே இருக்கிறது. பெரிய வீதியின் 74ஆம் எண் கடைவீட்டில்தான் ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். இலங்கைத் தமிழரான டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவின் மனைவி. ஈப்போவில் குண்டு விழுந்த பிறகு பாப்பானுக்கு வந்து, காட்டிலிருந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் செய்தார். 1943இல் பிடிபட்டுக் கொடுமையான சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948இல் பிரிட்டனில் இறந்தார். பிறகு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. 74ஆம் எண் வீட்டைத் தனி மனிதர்களின் பிடிவாதம் நினைவில்லமாக வைத்திருக்கிறது. வீதியின் மற்ற பல வீடுகளை வேர்கள் பிடித்துக்கொண்டன. கூரை போய், மாடி போய், முகப்பு மட்டும் நிற்கும் வீடுகளின் நடுவே ஒரு நினைவில்லம். அந்த ஊரில் மருந்து வாங்க யார் வந்தார்கள், பக்கத்துக் கடை எது, ஜப்பானியர் கண்ணில் படாமல் இரவில் எந்தச் சந்து வழியாக ஆள் வந்தான், இதையெல்லாம் வீதி இருந்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

*

சரி, கோடு போடுவது எப்படி? மலேசியாவில் இதற்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன.

ஒன்று தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005, சட்டம் 645. பாரம்பரிய ஆணையர் ஒரு தலத்தைப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கலாம். அதைச் சுற்றிப் பாதுகாப்புப் பகுதியும் வகுக்கலாம். அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். பாரம்பரியப் பாதுகாப்பு அதே 2005இல்தான் மத்திய, மாநிலப் பொதுப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே ஆணையர் மாநில அரசைக் கலக்காமல் நகர முடியாது. அறிவிப்புக் கடிதம் உரிமையாளருக்குப் போகும். பாதிக்கப்படும் மற்றவர்களும் ஆட்சேபிக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டுக்குக் கடிதம் வராது, அரசிதழையோ நாளிதழையோ பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாலைக்கடை அக்கா அரசிதழ் வாசகி இல்லை. சட்டம் வந்த அடுத்த வருஷமே, 2006 டிசம்பரில், கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கிலிருந்த போக் ஹவுஸ் மாளிகை இடிக்கப்பட்டது. சட்டம் இருப்பதற்கும் அதைப் பயன்படுத்துவதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு காலி மனை காட்டியது.

இரண்டாவது கதவு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976. உள்ளூர் மன்றம் ஒரு பகுதிக்குச் 'சிறப்புப் பகுதித் திட்டம்' வகுக்கலாம். எந்த வீதி, எத்தனை மாடி, எது இடிக்கக்கூடாது, எங்கே புதிதாகக் கட்டலாம் என்று வீட்டுக்கு வீடு எழுதலாம். ஜார்ஜ் டவுன் இந்த வழியில் போய் 2016இல் தன் சிறப்புப் பகுதித் திட்டத்தை அரசிதழில் ஏற்றியது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிக் காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். கட்டடங்களை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விதி. திட்டத்தைப் படித்தால் ஒரு பொறியாளனாக எனக்கு மரியாதை வருகிறது. சன்னல் கம்பிவரை யோசித்திருக்கிறார்கள்.

அதே பினாங்கில், அந்தக் கோட்டுக்கு வெளியே, 2009இல் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைத்த தமிழர்களின் கிராமம். பொங்கல் என்றால் ஊரே திரளும். பட்டா அவர்கள் பெயரில் இல்லை. உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறி ஓராண்டுதான் ஆகியிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவது அநியாயம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேறு வேறு சட்டம், வேறு வேறு நில வரலாறு என்றார். உண்மைதான். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: பட்டா யார் பேரில்?

அஞ்சடிக்கு வருவோம். பாரம்பரிய விதிகள் அதன் தூணையும் வளைவையும் பூ ஓட்டையும் காக்கச் சொல்கின்றன. 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டமோ அதை நடைபாதையாக மட்டும் பார்க்கிறது. அதில் ஒரு மேசை போட்டால் அது இடையூறு. ஆக, ஒரே தூணுக்கு அடியில் தூண் பாரம்பரியம், அதில் சாய்ந்து நூறாண்டாகப் பூ கட்டும் தொழில் குற்றம். அமலாக்க அதிகாரிகள் பெரும்பாலும் கண்டும் காணாமல் போகிறார்கள் என்பது வேறு விஷயம். கண்டும் காணாமல் விடப்படுவதை உரிமை என்று சொல்ல முடியாது.

ஈப்போவில் இந்தச் சிக்கலை ஒரு சனிக்கிழமையில் பார்த்துவிடலாம். கன்குபைன் லேன் என்கிற பங்ளிமா சந்தில் நடக்கவே இடமிருக்காது. 2014இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியங்களுக்குப் பிறகு கூட்டம் இன்னும் பெருத்தது. பழைய கடைவீடுகள் காப்பிக்கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின. நான் அதை வெறுப்பவன் இல்லை; அங்கே காப்பி குடிக்கிறவன்தான். அந்தக் காசு இல்லாவிட்டால் பல கூரைகள் விழுந்திருக்கும். ஆனால் அங்கிருந்து சில நிமிட நடையில் லாஹாட் ரோட்டு லிட்டில் இந்தியா. துணிக்கடை, மளிகை, வெற்றிலை, வாழையிலை, பூஜைச் சாமான். படமெடுக்கும் கூட்டம் அதுவரை வருவதில்லை. முகப்புகள் அவ்வளவு அழகில்லை. சிமெண்டு பூசி, விளம்பரப் பலகை அறைந்து, பாதி மறைந்து கிடக்கின்றன. முகப்பை வைத்து மதிப்பெண் போட்டால் இந்த வரிசை தோற்கும். பயன்பாட்டை வைத்துப் போட்டால் பழைய நகரத்தில் இதைவிடப் பழமை மாறாத இடங்கள் அதிகம் இல்லை.

*

என் பாட்டி ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். டவுன் என்றால் அவருக்கு அஞ்சடிதான். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியிலோ பஸ்ஸிலோ வருவார்கள். "கடைக்குள்ள ஏறுனா ஏதாச்சும் வாங்கணும்ல, அதனால வெளியவே நிப்போம்" என்பார். அஞ்சடியில் சாமான் மூட்டையை வைத்துப் பிள்ளைகளைக் காவலுக்கு உட்காரவைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் போய் வாங்கி வருவார்கள். தீபாவளிக்குச் சட்டைத்துணி, அடகுக்கடையில் வட்டி, மழை வந்தால் அங்கேயே பசியாறல். யார் வீட்டுக்கு எந்தத் தோட்டத்தில் பெண் இருக்கிறது என்ற செய்தியும் அங்கேதான் கைமாறும். ஊரில் காசில்லாமல் உட்கார முடிந்த இடம் அது ஒன்றுதான்.

அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. லயங்கள் இல்லை. லயம் எப்போதும் கம்பெனியுடையதுதானே. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது முதலில் போனது வேலை, அதோடு வீடு. அதற்கு ஒரே பதில் நிலத்தை வாங்குவதுதான் என்று சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பட்டா இல்லாதவனுக்கு இந்த நாட்டில் நினைவும் மிஞ்சாது என்பதை அவர் எந்தப் பாரம்பரியச் சட்டத்துக்கும் முன்பே புரிந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பேராக்கில் தோட்டத்து நினைவாகச் சுற்றுலாப் பயணி பார்ப்பது பத்து காஜா பக்கத்தில் உள்ள கெல்லீஸ் காசலைத்தான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் தன் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை. அவர் 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். கட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆட்கள். முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சலில் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்றார்கள், துரை கட்டிக்கொடுத்தார். நன்றிக்கு அவர்கள் கோயில் கூரையில், தெய்வச் சுதைகளின் வரிசையில், அவருக்கும் ஒரு உருவம் வைத்தார்கள். மாளிகைக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போகலாம். கோயில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பலர் அதுவரை போகாமல் திரும்பிவிடுகிறார்கள். அங்கே மேலே பார்த்தால் சாமிகளுக்கு நடுவே துரை நிற்கிறார். இந்த இடத்தின் வரலாற்றை மாளிகையைவிட அந்தக் கூரை நன்றாகச் சொல்கிறது. அதைச் செய்த கை எது என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

*

உலகத்தில் இந்த வாதம் புதிதில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931லேயே சட்டம் போட்டு வரலாற்று வட்டாரம் வகுத்தது. முகப்பை மாற்ற வாரிய அனுமதி வேண்டும் என்றது. வீடுகள் பிழைத்தன. மதிப்பு ஏறியது. அங்கே வாடகைக்கு இருந்த கறுப்பினக் குடும்பங்கள் படிப்படியாக வெளியேறின. பிற்பாடு வந்த ஊர்கள் இதிலிருந்து கொஞ்சம் கற்றுக்கொண்டன. சான் பிரான்சிஸ்கோவில் 2015இல், முப்பது ஆண்டுக்கு மேல் ஓடும் பழைய கடைகளுக்கு என்று தனிப் பதிவேடும், வாக்கெடுப்பு நடத்தி நிதியும் ஏற்படுத்தினார்கள். கடைக்காரருக்குக் குறைந்தது பத்தாண்டுக் குத்தகை தரும் உரிமையாளருக்கு மானியம். கட்டடத்தைத் தாண்டித் தொழிலுக்கும் ஒரு பதிவேடு வைத்தார்கள். உரிமையாளரைப் பகைக்காமல் வாடகைக்காரரை உட்காரவைத்தார்கள். எல்லாக் கடைகளையும் அது காப்பாற்றிவிடவில்லை. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் கூடியது.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. சட்டம் 645 பொருளாக இல்லாத மரபையும் பாரம்பரியம் என்றே ஏற்கிறது. அதைப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்? பூ கட்டுவதும் கடலை வறுப்பதும் அதில் வராதா? ஈப்போ மாதிரி ஊரில் வட்டாரம் வகுப்பவர்கள் மூன்று காரியம் செய்தால் எனக்குப் போதும். அளவெடுக்கும் படிவத்தில் வாடகைக்காரர் பெயரும் அவர் வந்த ஆண்டும் இருக்கட்டும். அஞ்சடியில் காலங்காலமாக இருப்பவர்களுக்கு, இரண்டடி ஆழத்துக்கு மிகாமல், நடப்பவருக்கு வழி விட்டு, உரிமம் கிடைக்கட்டும். கூரை பழுது பார்க்க மானியம் வாங்கும் உரிமையாளர் சில ஆண்டுகளுக்காவது வாடகையை ஏற்றமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். கடைசியாகச் சொன்னதை உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும், பேசலாம்.

பேசுவதற்கு வாய்ப்பும் இருக்கிறது. திட்டமிடல் சட்டத்தின்படி வரைவுத் திட்டத்தை மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபணையும் கருத்தும் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். அதற்குப் பட்டா தேவையில்லை. நான் இந்த விவரத்தை எல்லாம் லாஹாட் ரோட்டுப் பக்கம் மாலை கட்டும் அக்காவிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மாவும் அதே தூணடியில்தான் கட்டினாராம். நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடியே கேட்டார். பாரத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்றார். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கருத்து என்றேன்.

"அட்ரஸ்னா வீட்டு அட்ரஸா தம்பி, இந்த இடத்து அட்ரஸா?"

இந்த இடத்துடையதைப் போட்டால்தான் நல்லது என்றேன்.

அவர் பின்னால் திரும்பிக் கடையின் கதவு எண்ணைப் பார்த்தார். "அது முதலாளியோடது லா. தூணுக்கு நம்பர் எங்க இருக்கு?"